கார் இல்லாமல் ஓடிய எஞ்சின்

1

இந்தக் கதை ஒரு கேள்வியில் இருந்து வந்தது. சுகந்தினி கேட்டாள்: "பாஸ், எதுக்கு இப்படிக் காரே இல்லாம எஞ்சின மட்டும் ஓட்டப் போறீங்க?"

நான் ஒரு பதில் சொன்னேன். அந்தப் பதில் பொய். உண்மையான பதிலை எங்கள் ஊர் தாழ்வுபாட்டில் ஒருவரிடமும் சொல்ல முடியாது. சொன்னால் அடுத்த நாள் காலமை மன்னார் மீன் சந்தையில் அதைக் கூறு போட்டு விற்பார்கள். அதனால் கதையாக எழுதுகிறேன். கதையில் வருவதை ஒருவரும் நம்புவதில்லை.

உங்களை நம்பிச் சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். நீங்கள் யாரென்றே எனக்குத் தெரியாது. தெரியாத ஆளாக இருப்பதுதான் உங்களிடம் நான் கண்ட ஒரே நல்ல குணம்.

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். எழுத்துப் பிழை இருந்தால் அச்சுப் போடுகிறவர்கள் திருத்தட்டும். வசனத்தில் கை வைக்க வேண்டாம்.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்:

"மன்னார்த் தீவின் கரையில் சூரியன் செந்நிறமாக இறங்கிக்கொண்டிருந்த போது"

வெட்டிவிட்டேன். சூரியனுக்கும் எஞ்சினுக்கும் என்ன சம்பந்தம்?

பிறகு இப்படி:

"அருளப்பு என்று ஒரு மெக்கானிக் இருந்தான். வயது போனவன், பெண்சாதி செத்தவன். ஆனால் காது மட்டும் இளந்தாரிக் காது. எஞ்சின் ஓடும்போது எட்ட நின்றே எந்தச் சிலிண்டரில் என்ன குறை என்று சொல்லிவிடுவான்."

வாசிக்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அந்தக் காதை வைத்துக்கொண்டு கதை நகரவில்லை. சுகந்தினி எஞ்சினைக் கொண்டுவந்தாள். அருளப்பு பிரித்துப் பூட்டினான். ஓடவிட்டுக் கேட்டான். சரி என்றான். அவள் கொண்டுபோனாள். அரைப் பக்கம்கூட வரவில்லை. அப்படிப்பட்ட காதுக்காரனுக்கு எஞ்சினை வெளியில் வைத்து ஓட்டிப் பார்க்க ஒரு ஸ்ராண்ட் எதற்கு? காரிலேயே பூட்டி, பொனற்றைத் திறந்து கேட்டுவிட்டுப் போவானே.

ஆகவே அவனிடமிருந்து காதைத் திருப்பி எடுத்துக்கொண்டேன். எடுத்த பிறகு பார்த்தால் அது நான்.

அருளப்பு என்ற பெயரை இனிப் பாவிக்கவில்லை. அவன் தன் நல்ல காதோடு எங்கேயாவது இருக்கட்டும்.

3

செவிடன் என்று நினைக்க வேண்டாம். முன்னால் நின்று கதைத்தால் கேட்கும். கோயில் மணி கேட்கும். ரோட்டில் கழுதை கத்தினால் தேவைக்கு மேலேயே கேட்கும். கேட்காதது ஒன்றுதான்: ஒரு சத்தத்துக்குள் இருக்கிற இன்னொரு சத்தம். எஞ்சின் ஓடினால் எனக்கு அது முழுக்க ஒரே இரைச்சலாக வருகிறது. அதற்குள் எங்கேயாவது தட்டுகிறதா, உரசுகிறதா என்று பிரித்து எடுக்க முடியவில்லை. ஓடுகிற எஞ்சினுக்குப் பக்கத்தில் நின்று ஆள் கதைத்தாலும் அப்படித்தான். வாய் அசைவது தெரியும், சொல் வராது.

மற்ற மனிதருக்கு இது சின்னக் குறை. எஞ்சின் வேலை செய்கிறவனுக்கு அந்த ஒன்றுக்குப் பெயர்தான் காது.

இதை ஊர் பிடிக்காமல் விட்டதற்குக் காரணம் கடல். படகில் மண்ணெண்ணெய் எஞ்சின் ஓடும்போது முன் அணியத்தில் இருப்பவன் கத்தினாலும் பின்னால் இருப்பவனுக்குக் கேட்காது. அதனால் எல்லாம் கைதான். வலையை இழு, திருப்பு, மெதுவாக விடு, சோற்றுப் பார்சலை எடு, உன்ர கொப்பனுக்கு விசர், எல்லாவற்றுக்கும் ஒவ்வொரு கைச்சாடை உண்டு. கரைக்கு வந்த பிறகும், எஞ்சின் ஓடுகிற இடத்தில் எங்கள் ஆட்கள் வாயைத் திறக்க மாட்டார்கள். கராஜில் நான் கைகளைப் பார்த்தே பதில் சொல்லிப் பழகிவிட்டேன். வேறு ஊரில் இருந்திருந்தால் எப்போதோ பிடிபட்டிருப்பேன்.

என் பெண்சாதி அகஸ்ரினா இருந்த வரைக்கும் இன்னொரு வசதியும் இருந்தது. கராஜுக்கும் குசினிக்கும் நடுவில் ஒரு கிடுகு மறைப்புத்தான். அங்கிருந்தே சொல்லுவாள்: "இண்டைக்கு உங்கட எஞ்சின் இருமுது." இல்லையென்றால், "இது என்ன, பல்லை நெறிக்குது?" நான், "எனக்குத் தெரியாதோ, உன்ர அடுப்பைப் பார்" என்று கத்திவிட்டு, போய் அதைத் திறப்பேன். அவள் சொன்னது பிழைத்ததில்லை. என் காது போவது தெரிந்துதான் அப்படிச் சொல்லிக்கொண்டிருந்தாளா, அல்லது

[இதை இதோடு விடுகிறேன். இது அகஸ்ரினாவின் கதை இல்லை.]

4

சுகந்தினி யார் என்று இன்னும் சொல்லவில்லை. இந்தியாவில், மண்டபம் அகதி முகாமில் வளர்ந்து திரும்பி வந்த பெண். சொந்தமாக ஒரு சின்னக் கார் வைத்து வாடகைக்கு, ஹயர் ஓடுகிறாள். அநேகமாக எல்லாம் நோயாளிகள். வவுனியாவுக்குக் கிளினிக்குக்குக் கொண்டுபோய்க் கொண்டுவருவாள். மடுச் சந்தி தாண்டினால் இரண்டு பக்கமும் காடு, நேரம் பிந்தினால் யானை. அந்த ரோட்டில் எஞ்சின் இறுகி நின்றால் பின் சீற்றில் நோயாளியை வைத்துக்கொண்டு அவள் என்ன செய்வாள்?

அவளுடைய எஞ்சினைத்தான் முழுதாகப் பிரித்துப் புதிதாகக் கட்டினேன். ஒழுங்காகக் கட்டினேனா இல்லையா? இந்தக் கதையில் அதற்கு மேல் தெரியவேண்டியது ஒன்றும் இல்லை. உங்களைக் குழப்புகிற எண்ணம் எனக்கு இல்லை.

அவள் வந்தால் எனக்குக் கொஞ்சம் பயம். முகாமில் வளர்ந்ததால் கைச்சாடை தெரியாது. எஞ்சின் ஓடினாலும் வாயால்தான் கதைப்பாள்.

பக்கத்து வளவுப் பத்திநாதனுக்கும் அவளுக்கும் ஒத்துவராது. அவன் படகுக்காரன்.

"என் வண்டி எப்ப ரெடியாகும் பாஸ்?"

"வண்டியில மாடெல்லோ கட்டுறது பிள்ளை. இது கார்," என்றான் பத்திநாதன், யாரும் கேட்காமலே.

"அங்க இருந்தப்ப சிலோன்காரின்னாங்க. இங்க வந்தா இந்தியாக்காரி. நான் நடுக்கடல்லதான் போய்க் குடியிருக்கணும்."

"அது நான் வலை போடுற இடம். அங்க வந்து நெரிசல் பண்ணாத."

சரி, ஸ்ராண்ட். பழைய லொறியின் அடிச்சட்டத்தில் வெட்டின இரும்பு. நாலு கால். எஞ்சின் உட்கார நடுவில் இரண்டு தாங்கி. முன்னால் ரேடியேற்றர், கீழே பற்றரி, மேலே கம்பத்தில் தொங்கும் பெற்றோல் கான். பக்கத்தில் ஒரு பலகை. அதில் ஒயில் அமுக்கம் காட்டுகிற மீற்றர், சூடு காட்டுகிற மீற்றர், ஒரு ஸ்விட்ச். ஒட்டிக் கொடுத்தவன் வஸீர்.

வஸீர் மன்னார் ரவுணில் லேத் வைத்திருக்கிறான். இடம்பெயர்ந்து புத்தளத்தில் இருந்துவிட்டு ஊர் திரும்பியவன். சுகந்தினியின் எஞ்சினுக்குக் கிராங் கடைந்ததும் அவன்தான். கிராங் என்பது எஞ்சினின் முதுகெலும்பு. பிஸ்டன்கள் அதைப் பிடித்துக்கொண்டுதான் ஏறி இறங்கும். பிடிக்கிற இடத்தில் ஒரு மயிரளவு தளர்வு இருந்தாலும் உள்ளே தட்டத் தொடங்கும். தட்டினால் ஒரு நாள் உடையும்.

எனக்கு வஸீரில் நம்பிக்கை இல்லை. எனக்கு யாரில் இருக்கிறது? ஆனால் வெள்ளிக்கிழமைகளில் ஜும்மா முடிந்து, ஒரு வேலையும் இல்லாமல் என் வீட்டுக்கு வருகிற ஒரே ஆள் அவன்.

"இது என்ன அண்ணன், எஞ்சினுக்குக் கட்டிலா?"

"ஓம். படுக்க வைச்சு நோய் பாக்க."

"கொழும்பில பெரிய கம்பனிக்காரன் வைக்கிற சாமான். உங்களுக்கு என்னத்துக்கு? உங்கட காது போதாதா?"

"காலம் மாறுது. இனி மீற்றர் பாத்துத்தான் வேலை."

[இதே பொய்யைத்தான் சுகந்தினிக்கும் சொன்னேன்.*]

முதல் நாள் ஸ்விட்சைப் போட்டதும் ஸ்ராண்ட் நடக்கத் தொடங்கியது. எங்கள் வளவு முழுக்கக் கடல் மணல். எஞ்சின் குலுங்கக் குலுங்க நாலு காலும் மணலைக் கிண்டிக்கொண்டு வேலிப் பக்கம் போயின. வஸீர் பற்றரி வயரைப் பிடித்துக்கொண்டு கூடவே ஓடினான். பத்திநாதன் சிரித்துச் சிரித்து இருமினான். பிறகு போய்த் தன் படகின் நங்கூரத்தைத் தூக்கி வந்து, மணலில் தாட்டு, கயிற்றால் ஸ்ராண்டைக் கட்டினான். கரையில் நங்கூரம் போட்ட எஞ்சின் உலகத்தில் என்னுடையதாகத்தான் இருக்கும்.

எங்கள் கிணறு உவர். ரேடியேற்றருக்குக் குடிதண்ணீர் ஊற்றினேன். பத்திநாதனுக்கு அது பொறுக்கவில்லை.

"குடிக்கிற தண்ணியை உதுக்கு ஏன் அண்ணை? கடல்தண்ணியை ஊத்துங்கோ. எங்கட எஞ்சினெல்லாம் அதிலதானே ஓடுது."

"உன்ர எஞ்சின் கடலில குடிச்சுக் கடலிலயே துப்புது. இது குடிச்சதை வயித்துக்க வைச்சிருக்கும். உப்பு இரும்பைத் தின்னும்."

இரண்டாம் தரம் பத்திநாதன் புதுப் படகுக்குப் போடுவது போலச் சிலுவை போட்டான். வஸீர் பிஸ்மில்லாஹ் சொன்னான். நான் ஸ்விட்சைப் போட்டேன். ஓடியது. ஸ்ராண்ட் நகரவில்லை.

"எப்பிடி, சத்தம்?" என்று பத்திநாதனிடம் கேட்டேன், ஏதோ சந்தோஷப் புளுகத்தில் கேட்பது போல.

அவன் முகத்தைச் சுளித்துக் கையை மேலும் கீழும் ஆட்டினான். காணாது, போதாது என்று அர்த்தம். நிற்பாட்டிய பிறகு சொன்னான்: "முக்குது அண்ணை. நல்ல எஞ்சின் எண்டால் அரிப்புக் கரையில இருந்து வரேக்கையே இஞ்ச கேக்கோணும்." 

மண்ணெண்ணெய் எஞ்சினில் வளர்ந்த காது. தடதடப்புத்தான் அவர்களுக்குச் சுகம். கரை முழுக்கக் காது இருந்தும் எனக்கு உதவுகிற காது ஒன்றும் இல்லை.

* அடியில் எழுதுகிற குறிப்பு: மீற்றர் பொய் சொல்லாது என்று நீங்கள் நினைக்கலாம். சொல்லாதுதான். ஒயில் அமுக்கம் ஊசி சரியான இடத்தில் நின்றது. ஆனால் தட்டுவது கொஞ்சமாக இருக்கும்போது ஊசி அசையாது. அதற்கும் காது இல்லை.

5

ஸ்ராண்டின் உண்மையான காரணம் இதுதான். காரில் பூட்டினால் காரின் சொந்தக்காரர் பக்கத்தில் நிற்பார். பொனற்றுக்குள் தலையை விட்டு, உடனே ஒரு சொல் சொல்ல வேண்டும். வெளியில் வைத்தால் ஒருவரும் இல்லாதபோது விரும்பிய நேரம் ஓடவிடலாம். விரும்பிய இடத்தில் காதை வைக்கலாம். ஒருவரும் பார்க்க மாட்டார்கள்.

பின்னேரங்களில் ஓடவிட்டேன். பத்திநாதன் கடலுக்குப் போன பிறகு. நீளமான ஸ்குறூ டிரைவரை எஞ்சினில் ஊன்றிப் பிடியைக் காதில் வைத்தேன். இரைச்சல். ரப்பர்க் குழாயைக் காதுக்குள் விட்டேன். இரைச்சல். ஸ்குறூ டிரைவரைப் பல்லால் கடித்துப் பார்த்தேன். மண்டைக்குள் இரைச்சல். உள்ளங்கையை வைத்தேன், கை சுட்டதுதான் மிச்சம். ரோட்டில் திரிகிற கழுதை ஒன்று வேலியடியில் வந்து நின்று பார்த்தது. அதற்கு எவ்வளவு பெரிய காது என்று

[வெட்டினேன். பகிடி விடுகிற இடம் இல்லை.]

எஞ்சினை நிற்பாட்டினால் வீடு இருந்த மாதிரியே இருக்கும். கதிரை, மேசை, குசினி. அதனால் சில நாள், கேட்பதற்கு ஒன்றும் இல்லை என்று தெரிந்த பிறகும், ஓடவிட்டுவிட்டுப் பக்கத்தில் இருந்தேன். பெற்றோல் வீண். அதை ஒரு குறையாக எழுதவில்லை. இருந்தேன் என்று மட்டும் எழுதுகிறேன்.

6

இந்தப் பகுதியைப் பல தரம் எழுதினேன். ஒவ்வொரு தரமும் எனக்குச் சாதகமாக வந்தது. இது கடைசியாக எழுதியது.

வெள்ளிக்கிழமை வஸீர் வந்தான். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. பக்கத்தில் வந்து தலையைச் சரித்துக்கொண்டு கன நேரம் நின்றான். பிறகு மூன்று விரலைக் காட்டினான். மூன்றாவது சிலிண்டர். முட்டியை மடக்கி உள்ளங்கையில் குத்திக் காட்டினான். தட்டுது. தன் காதைத் தொட்டு, விரலை என் பக்கம் நீட்டினான். கேக்குதா?

நான் ஸ்குறூ டிரைவரை மூன்றாவதுக்கு நேரே ஊன்றினேன். காதை வைத்தேன். டொக்டர்மார் போலக் கண்ணை மூடினேன். பிறகு தலையை ஆட்டி, வாயாலும் சொன்னேன்: "ஓம். மூண்டாவதுதான். நான் காலமையே கவனிச்சிட்டன்."

வஸீர் கையை நீட்டி ஸ்விட்சை நிற்பாட்டினான்.

"அண்ணன், ஒண்டும் தட்டேல்ல."

"என்ன?"

"மூண்டாவதில ஒரு சத்தமும் இல்ல. நான் சும்மா காட்டினனான்."

"விசர்க் கதை கதையாத. எனக்குக் கேட்டது."

"அதுதான் அண்ணன்."

நான் ஸ்குறூ டிரைவரைத் துணியில் துடைத்தேன். அதில் துடைக்க ஒன்றும் இருக்கவில்லை.

"எப்ப இருந்து?" என்று கேட்டான்.

"தேத்தண்ணி குடிக்கிறியோ?"

"ஊத்துங்கோ."

ஊற்றினேன். இரண்டு பேரும் குடித்தோம். அவன்தான் திரும்பத் தொடங்கினான்.

"என்னட்டச் சொல்லியிருக்கலாம். நான் வாற நேரம் கேட்டுச் சொல்லிட்டுப் போவன்தானே. ஆருக்குத் தெரியப் போகுது?"

இந்த இடத்தில் நல்ல கதாசிரியன் என் வாயில் ஒரு நல்ல சொல்லை வைப்பான். நான் சொன்னது இது:

"நீ கடைஞ்ச கிராங்கை நீயே நல்லம் எண்டு சொல்லுவாய். அதை நான் நம்போணுமோ?"

வஸீர் கோப்பையைக் கீழே வைத்தான். பாதி இருந்தது. "வாறன் அண்ணன்," என்று சொல்லிவிட்டுப் போனான். அடுத்த வெள்ளி வரவில்லை. அதற்கடுத்த வெள்ளியும் வரவில்லை.

7

நீங்கள் வஸீர் பக்கம் நிற்பீர்கள். நில்லுங்கள். ஆனால் ஒன்றை யோசியுங்கள். அவன் முதலில் தட்டுது என்றான், பிறகு தட்டவில்லை என்றான். எது பொய்? உண்மையிலேயே தட்டியிருந்து, எனக்குக் காது இல்லை என்று கண்டவுடன், தன் கிராங் வேலையில் பழி வராமல் இருக்கக் கதையை மாற்றியிருக்கலாம் அல்லவா? இப்படி யோசிக்கிறவனோடு யார் இருப்பார்கள் என்று கேட்கிறீர்கள். ஒருவரும் இல்லை. அதைத்தான் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

சில முடிவுகளை எழுதிப் பார்த்தேன்.

எஞ்சினைத் திறக்கிறேன். மூன்றாவதில் பெயாரிங் தேய்ந்திருக்கிறது. வஸீர் கள்ளன், நான் சரி. இந்த முடிவில் நான் வெல்கிறேன். வென்றுவிட்டுத் தனியே இருந்து தேத்தண்ணி குடிக்கிறேன்.

இன்னொன்று: திறக்கிறேன். எல்லாம் புதிதாக மினுங்குகிறது. வஸீர் சரி. ஆனால் திறந்ததைத் திரும்பப் பூட்ட வேண்டும். பூட்டியதைத் திரும்ப ஓடவிட்டுக் கேட்க வேண்டும். யார் கேட்பது? திறந்து பார்த்தால் தீரும் என்று சொல்பவர்களுக்கு எஞ்சின் தெரியாது.

மூன்றாவதை இப்படித் தொடங்கினேன்: "வஸீர் கேற்றைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்து, அண்ணன் என்று"

அவன் வரவில்லை. வராதவனை இழுத்து வந்து கதையில் இருத்த எனக்கு மனமில்லை. எழுத்துக்காரர் இதைத்தான் செய்கிறார்கள். அதனால்தான் அவர்களை நான் நம்புவதில்லை.

மடுச் சந்திக்கு அப்பால் காட்டுக்குள் நடக்கிற முடிவு ஒன்றும் உண்டு. அதை எழுதவில்லை.

8

இன்று காலமை சுகந்தினி வந்தாள். எஞ்சினைத் தூக்கிக் காரில் இறக்க ஆளையும் பேசிவிட்டாளாம்.

"இன்னைக்குக் குடுத்துருவீங்கல்ல பாஸ்? பிரான்சிஸ்கா அம்மாவுக்கு நாளைக்குக் கிளினிக். பஸ்ல போனா திரும்பி வர்றப்ப ஆள் ஆளா இருக்காது. தினம் போன் அடிக்குது."

"முதல் நீ கேள்," என்றேன்.

"என்னத்த?"

"ஓடவிடுறன். உள்ளுக்க எங்கையாவது தட்டுற மாதிரி ஒரு சத்தம் இருக்கோ எண்டு கேட்டுச் சொல்லு."

"நீங்க இருக்கீங்க, நான் எதுக்கு?"

"நான் இல்லையெண்டு நினைச்சுக்கொள்."

சிரித்தாள். என் முகத்தைப் பார்த்தாள். பிறகு சிரிக்கவில்லை.

அவளுக்கும் ஆசை உண்டு. கார் இன்றைக்கே வேண்டும். அது எனக்குத் தெரியும். ஆனால் பின் சீற்றில் இருக்கப்போவது யார் என்று அவளுக்குத் தெரியும். அந்த எஞ்சினின் பழைய சத்தத்தோடு வருஷக்கணக்காக ஓடித் திரிந்தவளும் அவள்தான்.

ஸ்விட்சைப் போட்டேன். அவள் செருப்பைக் கழற்றிவிட்டு ஸ்ராண்டுக்குப் பக்கத்தில் குந்தினாள். முந்தானையால் ஒரு காதைப் பொத்தினாள். மற்றக் காதை எஞ்சின் பக்கம் கொடுத்தாள். இடம் மாறினாள், திரும்பக் குந்தினாள். நான் அவளுடைய முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். அதில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

எழும்பினாள். எதையோ சொன்னாள்.

என் தலை வழமை போல ஆடத் தொடங்கியது. அதை நிறுத்தினேன். நிறுத்துவது லேசான வேலை இல்லை.

"கேக்கேல்லைப் பிள்ளை," என்றேன். எஞ்சினுக்கு மேலாகக் கத்தித்தான் சொன்னேன். பத்திநாதன் வேலிக்கு அந்தப் பக்கம் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தான். அவனுக்கும் கேட்டிருக்கும். கேட்கட்டும். "எனக்குக் கேக்கிறேல்லை."

அவள் ரேடியேற்றரைச் சுற்றிக்கொண்டு வந்தாள். ஒரு கையை என் தோளில் வைத்தாள். எட்டி, வாயை என் காதோடு சேர்த்து, திரும்பவும் சொன்னாள்.

எனக்கு வந்தது அவளுடைய மூச்சின் சூடு மட்டும். சொல் வரவில்லை. சொல் எஞ்சினோடு கலந்து போயிற்று.

நிற்பாட்டிவிட்டுக் கேட்டால் முடிகிற விஷயம்தானே என்பீர்கள். எனக்கும் தெரியும். ஸ்விட்ச் என் வலது கையடியில் இருக்கிறது. நிற்பாட்டினால் அவள் ஓரடி தள்ளி நின்று, நல்ல தெளிவாக, தட்டுது என்பாள். அல்லது தட்டவில்லை என்பாள். தட்டுது என்றால் நான் அவளிடம் ஒருவர் பெயரைச் சொல்லி, ரவுணுக்குப் போய் அவரைக் கூட்டிவா என்று கேட்க வேண்டி வரும். தட்டவில்லை என்றால் ஆட்கள் வருவார்கள், எஞ்சினைத் தூக்குவார்கள், கார் போகும், ஸ்ராண்ட் வெறும் இரும்பாக மணலில் நிற்கும். இரண்டில் ஒன்று அவளுக்கு இப்போதே தெரியும். எனக்குத் தெரியாது.

ஒரு ஆள் என் காதுக்கு இவ்வளவு கிட்ட வந்து கனகாலம்.

இந்த வசனத்தை எழுதுகிற வரைக்கும் நான் நிற்பாட்டவில்லை. எஞ்சின் ஓடுகிறது, அவளுடைய கை தோளில் இருக்கிறது. உங்களுக்கு நல்ல காது இருக்கும் என்று நினைக்கிறேன். அவள் சொன்னது உங்களுக்குக் கேட்டிருந்தால், நீங்களே கையை நீட்டி நிற்பாட்டுங்கள். நான் நிற்பாட்ட மாட்டேன்.